முறை வைக்காத பாஷை

ரத்தினம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கவேண்டும் என்ற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. தங்கச் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் அவளுக்கு ஆயா வேலை. விரிப்பு மாற்றவும் கஞ்சி ஊட்டவும் சளிக் கிண்ணம் கழுவவும் எந்தப் பாஷையும் வேண்டியிருக்கவில்லை. டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நர்ஸ் வாங்கிக்கொண்டு அவளிடம் தமிழில் இறக்கிவிடுவாள். அதுவே போதுமாக இருந்தது.

மத்திய சர்க்கார் சுரங்கத்தை எடுத்துக்கொண்ட மறு வருஷம் அது மாறியது. வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். துரைமாருக்கும் கூலியாட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. புதிதாக வந்த அதிகாரிகள் வங்காளிகள், பஞ்சாபிகள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அதனால் அதிகாரிகளோடு பழகவேண்டியிருக்கும் ஆட்கள் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசப் பழகட்டும் என்று உத்தரவு போட்டு, ஸ்டோர், லாம்ப் ரூம், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் பெயர் கேட்டார்கள். ஆண்கள் வார்டிலிருந்து யாரும் கை தூக்கவில்லை. மேட்ரன் ரத்தினம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் பூமிக்கடியில் பாறை வெடித்துச் செத்துப்போனபோது மகள் சாரதா கைக்குழந்தை. அந்தச் சாவுக்குப் பதிலாகக் கிடைத்ததுதான் இந்த ஆயா வேலை. மாரிகுப்பத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லைனில், புருஷனின் தம்பி முனிரத்தினத்தின் வீட்டில் இருந்தாள். முனிரத்தினம் ஒருநாளும் அவளைக் கடிந்து பேசியவனல்ல. தன் பிள்ளைகளுக்கு என்ன வாங்கினானோ அதையே சாரதாவுக்கும் வாங்கினான். அந்த நன்றிக்கடன் ஒரு கூரைபோல ரத்தினம்மாவின் தலைக்குமேல் எப்போதும் இருந்தது. அதன்கீழ் குனிந்து நடப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம், முதல் ஷிப்டு முடிந்த சங்கு ஊதிய பிறகு, தொழிலாளர் மன்றத்தின் கூடத்தில் வகுப்பு. பிரம்பும் கரும்பலகையும் இருக்கும் என்று பயந்துகொண்டே போனாள். அங்கே இரண்டுமே இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மேஜை. அதன்மேல் கத்தரிக்காய், தக்காளி, ஒரு பழைய தொப்பி, கம்பி அறுந்த டெலிபோன் ஒன்று.

சொல்லிக்கொடுக்க வந்தவர் எட்மண்ட். தாது அரைக்கும் மில்லில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டுப் பேர் வாங்கிய மனிதர். அவர் மனைவி மக்கள் எல்லோரும் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார்கள், இவர் மட்டும் காகிதங்கள் வருவதற்காகக் காத்திருந்தார். தங்கவயல் தமிழை நம்மைவிட நன்றாகப் பேசுவார்.

"இங்க யாரும் கரெக்டா பேசணும்னு நெனைக்காதீங்க," என்றார் முதல் நாளே. "தப்பா பேசுங்க. தப்பா பேசிச் சிரிங்க. வாய் தொறந்துக்கிச்சுன்னா பாஷை தானா உள்ள பூந்துக்கும்."

அன்றைய விளையாட்டு காய்கறிக் கடை. ரத்தினம்மாவைக் கடைக்காரியாக மேஜைக்குப் பின்னால் நிறுத்தினார் எட்மண்ட். வாங்க வந்தவர் லாம்ப் ரூம் அப்பாதுரை. நெடிய ஆள், தோள் மட்டும் முன்னுக்கு வளைந்திருக்கும். அவர் அவள் முன்னால் வந்து நின்று, "குட் ஈவினிங், மேடம்," என்றார்.

அவளை அதுவரை யாரும் மேடம் என்றதில்லை. அவர் ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "பேட்," என்று முகத்தைச் சுளித்தார். ரத்தினம்மாவுக்கு ஏனோ நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. கத்தரிக்காயைப் பிடுங்கிக்கொண்டு, "நோ பேட். குட். வெரி குட்," என்றாள். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான், தன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

அப்பாதுரை இளம்வயதில் பூமிக்கடியில் துளைபோடும் மெஷின் பிடித்தவர். கல்தூசி நெஞ்சில் இறங்கிவிட, மேலே லாம்ப் ரூமுக்கு மாற்றியிருந்தார்கள். கீழே இறங்கும் ஆட்களுக்குத் தொப்பி விளக்கைக் கொடுப்பதும், ஏறி வந்ததும் திரும்ப வாங்கி மாட்டுவதும் வேலை. அவர் குடும்பம் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் மனைவி பிரசவத்தில் இறந்துபோக, மறுபடி அவர் யாரையும் தேடவில்லை. இதெல்லாம் ரத்தினம்மாவுக்கு இங்கிலீஷில்தான் தெரியவந்தது.

ஏனென்றால் எட்மண்டின் விளையாட்டுகளில் பாதி, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்பது. இன்று என்ன சாப்பிட்டாய்? களி. யார் கிண்டினார்கள்? நான்தான். நன்றாக இருந்ததா? இல்லை. இப்படியே போகும். வார்த்தை கிடைக்காதபோது கையால் கிண்டிக்காட்ட வேண்டும். அப்பாதுரை களி கிண்டுவதுபோல் நடித்ததைப் பார்த்து ஸ்டோர் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தனியாக ஒரு ஆள் தனக்கு மட்டும் களி கிண்டிக்கொள்வதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ரத்தினம்மா மட்டும் நினைத்தாள்.

தமிழில் அவர்கள் பேசவேண்டுமென்றால் முறை வைத்துத்தான் கூப்பிடவேண்டும். அவர் அண்ணன், அவள் தங்கச்சி. லைனில் சொந்தமில்லாத ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ள அதைவிட்டால் வேறு வழியில்லை. வாயைத் திறந்த உடனே அந்த வேலி எழும்பிவிடும். அதற்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு மழையைப் பற்றியோ டூட்டியைப் பற்றியோ இரண்டு வார்த்தை பேசலாம், அவ்வளவுதான். கூடத்தில் மட்டும் அவர் அவளை யூ என்றார், அவளும் அவரை யூ என்றாள். அந்தச் சொல்லில் மரியாதைக் குறைவும் இல்லை, சொந்தமும் இல்லை. எதிரில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எட்மண்ட் மனநிலைச் சொற்களைக் கொடுத்தார். ஹேப்பி, டயர்டு, ஹங்ரி, ஸாட். நடித்துக்காட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள் என்றார். அப்பாதுரை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பசிக்கிறதா, இல்லை. களைப்பா, ஆமாம். பிறகு, "ஆர் யூ ஸாட்?" என்றார்.

நோ என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். வந்தது, "எஸ்."

அவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அவளைப் பார்த்தபடி இருந்தார். புருஷன் செத்ததிலிருந்து யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. அழாதே என்றார்கள், விதி என்றார்கள், பிள்ளையைப் பார் என்றார்கள். துக்கமா என்று ஒரு கேள்வியாக யாரும் கேட்கவில்லை. அப்பாதுரை, "மீ ஆல்ஸோ," என்றார். அந்தப் பக்கமாக வந்த எட்மண்ட் இருவரையும் பார்த்து வெரி குட் என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியிடம் போனார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், அதிகாரிகள் பார்க்க, வகுப்பார் சிறுசிறு நாடகம் போட்டுக் காட்டவேண்டும் என்று ஏற்பாடு. பெங்களூரு ரயிலைத் தவறவிடும் புருஷன் பெண்டாட்டி கதையை எட்மண்ட் எழுதினார். நன்றாகப் பேசுகிற ஜோடி இவர்கள்தான் என்று இவர்களையே போட்டார். ரத்தினம்மா தயங்கினாள். நாடகம்தானே அம்மா என்றார் அவர். அவருக்கு அது நாடகம்தான். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும். பின்னால் தொழிலாளர் குடும்பங்கள். முனிரத்தினம் சாரதாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ரத்தினம்மா மேடையில் ஒரு தகரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, கைக்குட்டையால் விசிறிக்கொண்டு, எங்கே இந்த மனுஷன் என்று வழியைப் பார்த்தாள். "மை ஹஸ்பண்ட் இஸ் ஆல்வேஸ் லேட்," என்றாள். அதிகாரிகளின் பெண்கள் விழுந்துவிழுந்து சிரித்தார்கள். அப்பாதுரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். மூச்சிரைப்பு நடிப்பல்ல. அதற்கும் சிரித்தார்கள். அவள் எழுந்து, நாடகத்தில் இல்லாததைச் செய்தாள். அவர் கையைப் பிடித்துப் பெட்டியின்மேல் உட்காரவைத்தாள்.

வீடு போகும் வழியில் சாரதா மட்டும் பேசிக்கொண்டே வந்தாள். முனிரத்தினம் சாப்பிடாமல் கையலம்பி எழுந்தான். மறுநாள், அவன் மனைவி குழாயடிக்குப் போன நேரத்தில், வாசற்படியில் நின்றபடி சொன்னான்.

"நான் படிக்காதவன் அண்ணி. ஆனா அந்த வார்த்த எனக்குத் தெரியும். ஹஸ்பண்டுன்னா எங்க அண்ணன். வேற யாரும் இல்ல."

அது வெறும் நாடகம் என்று அவள் சொன்னாள். அவன் தலையாட்டினான். வகுப்புக்குப் போகாதே என்று சொல்லவில்லை. நாளைக்குச் சாரதாவுக்கு இதே லைனில்தான் மாப்பிள்ளை பார்க்கவேண்டும், அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றான். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவன் கண் கலங்கியிருந்தது.

அவள் நின்றுவிடத் தேவையே இல்லாமல் போயிற்று. மாசி மாதம் எட்மண்டுக்குக் காகிதங்கள் வந்தன. நாற்காலி, பியானோ, தொப்பி எல்லாவற்றையும் விற்றுவிட்டு அவர் கிளம்பினார். அவருக்குப் பதில் வேறு ஆள் வருவார் என்றார்கள். வரவில்லை. கூடத்தில் கேரம் பலகை போட்டார்கள்.

அதன்பிறகு வழியில் பார்த்தால், "இன்னா தங்கச்சி, டூட்டி முடிஞ்சிச்சா?" என்பார் அப்பாதுரை. "ஆமாண்ணே," என்பாள் இவள். அவ்வளவுதான். நடுத்தெருவில் நின்று இங்கிலீஷ் பேசினால், துரையும் துரைசானியும் பார் என்று ஊர் சிரிக்கும். சிரித்தால் பரவாயில்லை, சிரிக்காமல் பார்ப்பவர்களும் உண்டு. அவர் நடை ஒவ்வொரு மாதமும் மெதுவாகிக்கொண்டு வந்ததை அவள் கவனித்தாள். லாம்ப் ரூமிலிருந்து ரோட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். பிறகு மூன்று.

அடுத்த பனிக்காலத்தில் அவரை அவள் வார்டிலேயே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். ஜன்னலோரக் கட்டில். படுத்தால் மூச்சு வராது என்பதால் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தவாக்கிலேயே இருந்தார். முதல் நாள் கஞ்சி கொண்டுபோனபோது, அண்ணே என்று கூப்பிட வாயெடுத்தவளை முந்திக்கொண்டு அவர், "குட் மார்னிங், மேடம்," என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் கிண்டல் செய்தார்கள். இரண்டொரு நாளில் அவர்களுக்கே சலித்துவிட்டது. இவர்களும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தூங்கினீர்களா, கொஞ்சம். வலியா, கொஞ்சம். வெளியே குளிரா, ஆமாம். சாரதா என்ன படிக்கிறாள் என்று கேட்பார். ஏழாவது என்பாள். தெரிந்த வார்த்தைகள் தீர்ந்ததும் சும்மா இருப்பார்கள். அவள் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடுவாள். அந்த நாட்களில் வீட்டைவிட வார்டு அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு மனிதன் மூச்சுவிடத் தவிக்கிற இடம் பிடித்திருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம் அவர், "ஆஃப்டர் ஹாஸ்பிடல், யூ கம் மை ஹவுஸ்," என்றார்.

பார்க்க வரச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சரி என்றாள். அவர் தலையை அசைத்தார். வார்த்தையைத் தேடினார். "நோ விசிட்," என்றார். "ஸ்டே."

ரத்தினம்மாவின் கையில் வெந்நீர்ப் பாத்திரம் இருந்தது. அதைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. சாரதாவைப் பற்றி. முனிரத்தினம் வளர்த்த வளர்ப்பைப் பற்றி. அவர் சாதி சனம் வேறு, சாமி வேறு, லைன் என்ன சொல்லும் என்பதைப் பற்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்கும் ஆசைதான் என்பதைப் பற்றி. ஆனால் எட்மண்ட் சொல்லிக்கொடுத்ததில் கத்தரிக்காயும் ரயிலும் பசியும்தான் இருந்தன. தமிழில் சொல்லலாமென்றால் அண்ணே என்று தொடங்கவேண்டும். அப்படித் தொடங்கினால் இதைச் சொல்லிமுடிக்க முடியாது. "டுமாரோ," என்றாள்.

மறுநாள் காலை, மில் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டிய பாதையில் பனிக்குள் நடந்து வரும்போது முடிவு செய்துவிட்டாள். முனிரத்தினத்திடம் அவளே பேசுவாள். அவன் அழுதால் அழட்டும். சாரதாவைத் தன்னோடே அழைத்துக்கொள்வாள். அவரிடம் தமிழிலேயே சொல்வாள். எப்படித் தொடங்குவது என்பதும் தெரிந்துவிட்டது. செத்துப்போன புருஷனைத் தவிர வேறு யாரையும் அந்தச் சொல்லால் அவள் கூப்பிட்டதில்லை. நடந்தபடியே ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

வார்டுக்குள் போனபோது வங்காளி டாக்டர் வந்திருந்தார். நல்ல மனிதர். ராத்திரி ஷிப்டில் அடிபட்டு வந்தவர்களைப் பார்த்துக் கண் சிவந்திருந்தது. ஜன்னலோரக் கட்டிலின் கால்மாட்டில் நின்று, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மேட்ரனிடம் தணிந்த குரலில் சொன்னார். லாம்ப் ரூம் ஆளுக்கும் ஆயாவுக்கும் அது புரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு நுரையீரலும் போய்விட்டன என்றார். பிறகு, "நாட் லாங். லெட் ஹிம் கோ ஹோம்," என்றார்.

லாங் என்றால் நீளம் என்றுதான் ரத்தினம்மாவுக்குத் தெரியும். எது நீளமில்லை என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்குள் அப்பாதுரையின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவருக்கு உடனே புரிந்திருந்தது.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு பக்கத்தில் வந்து, குனிந்து, வழியெல்லாம் வாய்க்குள் வைத்திருந்த சொல்லைச் சொன்னாள்.

"ஏங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

"வேணாம் தங்கச்சி," என்றார். பக்கத்துக் கட்டில்களுக்கும் கேட்கும்படி, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துச் சொன்னார்.

அவள் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். ஐ கம் என்றாள். ஐ ஸ்டே என்றாள். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"எங்க அக்கா உரிகத்துல கீது தங்கச்சி. அங்க பூட்றேன். நீ இன்னொரு வாட்டி தாலி அறுக்கக் கூடாது. பொண்ணு படிக்குதில்ல, அத்தப் பாரு தங்கச்சி."

திரும்பத் திரும்ப அந்தச் சொல்லை வைத்தார். ஆணி அடிப்பதுபோல வைத்தார். அவள் சளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். திரும்பிவந்து கஞ்சி கொடுத்தாள். அவர் குடித்தார்.

இரண்டு நாளில் அக்கா வீட்டார் வண்டி கொண்டுவந்து அவரை அழைத்துப்போனார்கள். அவளுக்கு அப்போது டூட்டி இல்லை. ஒருமுறை உரிகம் போய்ப் பார்த்துவர நினைத்தாள். ரொட்டியும் ஆரஞ்சும்கூட வாங்கினாள். அங்கே போய் எல்லோர் எதிரிலும் அண்ணே என்று கூப்பிடவேண்டியிருக்கும் என்பதை நினைத்ததும் கால் எழவில்லை. ஆரஞ்சைச் சாரதா தின்றாள்.

பங்குனியில் செய்தி வந்தது. லாம்ப் ரூம் ஆட்கள் ஆஸ்பத்திரி வழியாகப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்கள். ரத்தினம்மா மேட்ரனிடம் கேட்டுக்கொண்டு அப்படியே கிளம்பினாள். வீட்டுமுன் பந்தலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பாலி மொழியில் சரணம் சொல்ல, மற்றவர்கள் திரும்பச் சொன்னார்கள். அவளுக்கு அது ஒரு வார்த்தையும் புரியவில்லை. பெண்கள் நடுவில் போய் நின்றாள். யார் இது என்று ஒருத்தி கேட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட ஆயா, நல்ல மனசு, வந்திருக்கிறாள் என்றாள் அவர் அக்கா. ரத்தினம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். அங்கே அழ உரிமையுள்ளவர்கள் அழுதார்கள். அவள் பூவைக் காலடியில் வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

பிணத்தைத் தூக்கியபோதுதான் பார்த்தாள். பாடையின் பின்பக்கத்தில் தோள் கொடுத்து நடந்தவர்களில் முனிரத்தினமும் இருந்தான். அவனுக்கு யார் சொன்னார்கள், எப்போது வந்தான், எதுவும் தெரியவில்லை. அவள் தெருமுனையில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். அடக்கம் முடித்து அவன் திரும்பிவந்தான். தலை நனைந்திருந்தது. போகலாமா அண்ணி என்றான்.

நடந்தார்கள். பாதித் தூரம் வந்த பிறகு அவன் சொன்னான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் அண்ணி."

"கேட்டிருந்தா?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"தெர்ல," என்றான்.

சயனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பியது. வெள்ளைத் தூசி பாதையை மறைத்துக்கொண்டு வந்தது. அவன் துண்டால் வாயை மூடிக்கொண்டான். அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள். மாரிகுப்பம் வரும்வரை இருவரும் துணியை எடுக்கவில்லை.